சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டம்

கண்ணாடிக் கடையில் அவளை எல்லோரும் லென்ஸக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. கடையின் பின்பக்கம், ஜன்னல் இல்லாத சிறிய அறையில், வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்த ஃபிரேமின் அளவுக்கு லென்ஸைத் தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. அரை மில்லிமீட்டர் பிசகினாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தலை சுற்றும். படி இறங்கும்போது தரை மேலெழுந்து வருவதுபோல் இருக்கும். அவள் கையில் அப்படி எதுவும் பிசகியதாகப் பேச்சே கிடையாது.

மற்ற நாட்களில் மதியச் சாப்பாடு டப்பாவில் வரும். புதன்கிழமை மட்டும் வராது. அன்று அவள் தங்கைக்கு விடுமுறை. தங்கை நீச்சல்குளத்தில் பெண்களுக்கு நீந்தச் சொல்லிக்கொடுப்பவள். நாளெல்லாம் தண்ணீருக்கு மேலே கத்திக் கத்தி, கரைக்கு வந்தாலும் அவள் குரல் இறங்காது. கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஓர் உணவகம். ஒன்றே காலுக்கு அக்காவும் தங்கையும் அங்கே உட்காருவார்கள். மூலையில் இருந்த பதினான்காம் மேசைதான் அவர்களுக்குப் பிடித்த இடம்.

லென்ஸக்கா கணவனை விட்டு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவன் அவளை ஒரு தடவைகூட அடித்ததில்லை. அதைச் சொன்னால் உடனே, "பின்ன என்னம்மா குறை?" என்று கேட்டார்கள். குறையை எப்படிச் சொல்வது? ஒரு நாளைக்கு இருபது போன். எங்கே இருக்கிறாய், பக்கத்தில் யார், பின்னால் என்ன சத்தம். கடைக்குப் போய் வந்தால் பையைத் திறந்து ரசீதில் அடித்திருக்கும் நேரத்தைப் பார்ப்பான். அங்கிருந்து வீட்டுக்குப் பன்னிரண்டு நிமிஷம்தானே, மீதி ஒன்பது நிமிஷம் எங்கே போனது என்பான். பதினோரு வருஷம் இப்படி. கடைசியில் நீதிமன்றத்தில் பிரிந்து, ஊரின் மறுகோடிக்கு வீடு மாறி, வேலை மாறி, போன் நம்பரையும் மாற்றினாள். பழைய சிம் கார்டை ஃபிரேம் வளைக்கிற குறட்டால் இரண்டாக உடைத்துக் குப்பையில் போட்டாள். புது நம்பர் தங்கைக்கும் கடை முதலாளிக்கும் மட்டும் தெரியும்.

உணவகத்தில் முன்பெல்லாம் தடித்த அட்டையில் மெனு இருக்கும். ஒரு புதன்கிழமை போனபோது அட்டைகளைக் காணோம். ஒவ்வொரு மேசையிலும் உள்ளங்கை அகலத்தில் ஒரு மரக்கட்டை. அதன்மேல் கறுப்பும் வெள்ளையுமாய் ஒரு சதுரம்.

பரிமாறும் பெண்மணி பக்கத்தில் வந்து கையைப் பிசைந்தாள். ஐம்பது வயதிருக்கும். நரைத்த கொண்டை, வேகமான நடை. யாரையும் "கண்ணு" என்றுதான் அழைப்பாள்.

"அதை ஸ்கேன் பண்ணிக்கணுமாம் கண்ணு. வாயால ஆர்டர் எடுக்கக் கூடாதுன்னு உத்தரவு. எங்க நோட்டு, பேனா எல்லாத்தையும் பிடுங்கி வச்சுட்டாங்க."

தங்கையின் போன் ஒரு தடவை குளத்தில் மூழ்கி எழுந்தது. அன்றிலிருந்து அதன் கேமராவில் எதைப் பார்த்தாலும் மூடுபனிதான். ஆகவே லென்ஸக்கா தன் போனை எடுத்தாள். சதுரத்துக்கு நேரே பிடித்தாள். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு பக்கம் திறந்து, இருக்கும் இடத்தை அறிய அனுமதி கேட்டது. மறுத்தாள். அறிவிப்புகள் அனுப்ப அனுமதி கேட்டது. மறுத்தாள். சலுகைகள் வேண்டுமா என்றது. வேண்டாம் என்கிற எழுத்தைத் தேடிக் கண்டுபிடிக்கவே ஒரு நிமிஷம் ஆனது. எல்லாம் தாண்டினால் மூன்று கட்டங்கள்: பெயர், போன் நம்பர், பிறந்த தேதி. ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்பு நட்சத்திரம்.

நம்பரைக் காலியாக விட்டு அழுத்திப் பார்த்தாள். 'இந்தக் கட்டம் கட்டாயம்' என்றது. பூஜ்யங்களைப் போட்டாள். 'சரியான எண்ணைத் தரவும்' என்றது.

"நாம சாப்பிட வந்திருக்கோமா, பாஸ்போர்ட் வாங்க வந்திருக்கோமா?" என்றாள் தங்கை. நான்கு மேசைக்குக் கேட்டது. "பேசாம உன் நம்பரைப் போட்டுத் தொலைக்கா. பசி உயிர் போகுது."

"என் நம்பரைக் கண்டவங்களுக்குக் குடுக்க மாட்டேன்."

சொல்லும்போதே அவள் விரல் வேறொரு எண்ணை அடித்துக்கொண்டிருந்தது. யோசிக்காமல் கைக்கு வருகிற எண் அது ஒன்றுதான்: உடைத்துப் போட்ட பழைய நம்பர். செத்துப்போன நம்பர்தானே, அதற்கு எதை அனுப்பினால் என்ன என்று நினைத்தாள். பெயருக்கு 'எக்ஸ்', பிறந்த தேதிக்கு வருஷத்தின் முதல் நாள். பக்கம் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டது. மெனு திறந்தது. பொடி எழுத்து, படத்தைப் பெரிதாக்கினால் பெயர் ஓடிவிடும், பெயரைப் பிடித்தால் விலை ஓடிவிடும். எப்படியோ காளான் சூப்பும் வறுத்த மீனும் வரவழைத்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து போன் தானாகவே எல்லாவற்றையும் நிரப்பிக்கொண்டது. இப்படி ஆறு புதன்கிழமை போயிற்று.

ஏழாவது புதன்கிழமை பதினான்காம் மேசையில் அவன் உட்கார்ந்திருந்தான்.

முதுகைப் பார்த்தே தெரிந்துவிட்டது. கழுத்தைச் சற்று இடப்பக்கம் சாய்த்து உட்காருவது அவன் வழக்கம். அவள் வாசலிலேயே நின்றிருக்கலாம். ஆனால் கால் தன்பாட்டுக்கு நான்கடி உள்ளே போய்விட்டது. அதற்குள் அவனும் திரும்பிவிட்டான்.

"உக்காரு," என்றான், நேற்றுத்தான் பிரிந்தவன் மாதிரி. "காளான் சூப் சொல்லிட்டேன். மிளகுத்தூள் தனியா. சரிதானே?"

"இங்க எப்படி வந்தீங்க?"

பதினோரு வருஷப் பழக்கம். வாயில் இன்னும் மரியாதை வந்தது. அந்த நேரத்திலும் அது அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"நீதானே கூப்பிட்ட. வாரா வாரம் மெசேஜ் அனுப்புறியே." போனைத் திருப்பிக் காட்டினான். 'அன்புள்ள எக்ஸ், எங்கள் கிளைக்கு வந்ததற்கு நன்றி' என்று ஒரு செய்தி. கீழே தெருவின் பெயர், மேசை எண், நேரம். அதன் கீழே ஓர் இணைப்பு. அழுத்தினால் அவள் இதுவரை சாப்பிட்டது முழுவதும் வரிசையாக விழுந்தது. "அந்த லைன் என் பேர்ல இருந்தது, மறந்துட்டியா? நீ போன மறுநாளே டூப்ளிகேட் சிம் வாங்கிட்டேன். ரெண்டு வருஷமா ஊமையாக் கிடந்துச்சு. இப்பதான் பேச ஆரம்பிச்சது."

அவன் குரலைத் தாழ்த்தினான். "எல்லா வாரமும் ரெண்டு தட்டு. யாரது?"

அந்தக் கேள்வியைக் கேட்டதும் அவளுக்குள் ஏதோ நிலைக்கு வந்தது. அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். பதில் சொன்னால் அது அடுத்த கேள்வியைக் கொண்டுவரும், சொல்லாவிட்டாலும் கொண்டுவரும். அவள் திரும்பி நடந்தாள். நாற்காலி பின்னால் நகர்கிற சத்தம் கேட்டது.

கொண்டைக்காரி சூப்புக் கிண்ணங்கள் அடுக்கிய தட்டோடு குறுக்கே வந்தாள். லென்ஸக்காவின் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள். எழுந்து வருகிறவனை ஒரு பார்வை பார்த்தாள். "பாத்ரூமா கண்ணு? இந்தப் பக்கம்," என்று சத்தமாகச் சொல்லி, தோளால் சமையலறைக் கதவைத் தள்ளி அவளை உள்ளே விட்டாள். பிறகு தட்டோடு வழியை அடைத்துக்கொண்டு அவனிடம், "சார், சார், சூடு! கொஞ்சம் உக்காருங்க, கொட்டிடும்," என்று சொல்வது கேட்டது. லென்ஸக்கா அடுப்புகளைத் தாண்டி, பின்சந்தில் கேஸ் சிலிண்டர்கள் நிறுத்தியிருந்த இடத்துக்கு வந்துவிட்டாள். இன்னும் வந்து சேராத தங்கைக்குப் போன் போட்டு, பின்பக்கமாக வரச் சொன்னாள்.

தங்கை ஓடி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவளுடைய பெரிய குரல் முதல் தடவையாக அடங்கிப் போயிற்று.

"வேலைய விட்டுடுக்கா. நாளைக்கே வீட்டைக் காலி பண்ணிடுவோம். என்கூட வந்து இரு. வேற ஏரியா பாப்போம்."

லென்ஸக்கா ஒரு சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொன்னாள்:

"இல்ல. நான் ஒரு தடவை எல்லாத்தையும் மாத்திட்டேன். வீடு, வேலை, நம்பர். இனி எதையும் மாத்த மாட்டேன். மாற வேண்டியவங்க மாறட்டும்."

"எல்லாம் என்னாலதான். பசி பசின்னு உன்னை அவசரப்படுத்தினேன்."

"நீயும் இல்ல, நானும் இல்ல. ஒரு கிண்ணம் சூப்புக்கு நம்பர் எதுக்கு? அதைக் கேட்டவங்ககிட்ட கேப்போம்."

மறுநாள் காலை, உணவகம் திறந்ததும் திறக்காததுமாக மேலாளர் எதிரில் போய் நின்றாள். அவர் நல்ல மனிதர்தான். கேட்கக் கேட்க வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"ஐயோ, பெரிய தப்புதாம்மா. ஆனா எங்க கையில ஒண்ணும் இல்ல. எல்லாம் தலைமை ஆபீஸ் சிஸ்டம். நாங்க பாக்கக்கூட முடியாது. புகார் குடுக்கணும்னா..." என்று மேசைக்கடியிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். அதில் கறுப்பும் வெள்ளையுமாய் இன்னொரு சதுரம்.

லென்ஸக்கா அட்டையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவர் அட்டையைத் திரும்ப வாங்கி உள்ளே வைத்துக்கொண்டு, ஒரு காகிதத்தில் உதவி எண்ணை எழுதிக் கொடுத்தார்.

உதவி எண்ணில் நாற்பது நிமிஷம் பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒரு பெண் குரல் தேனாக வந்தது. கணக்கை அழிக்க வேண்டும் என்றாள் லென்ஸக்கா.

"கண்டிப்பா மேடம். நீங்கதான்னு உறுதி பண்ண, பதிவு செஞ்ச நம்பருக்கு ஒரு ஓடிபி அனுப்புறேன். அதைச் சொன்னீங்கன்னா போதும்."

"அந்த நம்பர் என்கிட்ட இல்லம்மா. அது யார்கிட்ட இருக்கோ, அவர்கிட்டருந்து தப்பிக்கத்தான் அழிக்கச் சொல்றேன்."

"புரியுது மேடம். அப்போ அந்த நம்பர் வச்சிருக்கவரை எங்களுக்குக் கூப்பிடச் சொல்லுங்களேன்."

போனை வைத்தாள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் ஒதுக்கிவிட்டுக் காவல் நிலையத்துக்குக் கிளம்பினாள்.

அங்கே பெண் அதிகாரி ஒருத்தி முழுவதும் கேட்டாள். நடுவில் ஒரு தடவையும் குறுக்கிடவில்லை. கேட்டு முடித்துப் பேனாவை மூடினாள்.

"நான் நம்புறேன்மா. ஆனா அவர் என்ன சொல்வாரு? பசிச்சது, சாப்பிடப் போனேன், யதேச்சையாப் பாத்தேன்பாரு. மெசேஜ் அவர் போன்ல இருக்கு. அதை எப்பவோ அழிச்சிருப்பாரு. அவர் உங்களைக் கண்காணிச்சுட்டுதான் வந்தாருன்னு காகிதத்துல ஏதாவது கொண்டு வாங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்." புகாரைப் பதிந்து எண் கொடுத்தாள். தன் போன் நம்பரையும் அதன் பின்பக்கம் எழுதிக் கொடுத்தாள்.

உணவகத்தின் தலைமை அலுவலகம் பதினோரு மாடிக் கட்டடத்தின் ஏழாவது மாடியில் இருந்தது. லென்ஸக்கா வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு வாசலில் நின்றாள். காவலாளி ஒரு பலகையைக் காட்டினார். பார்வையாளர் அனைவரும் ஸ்கேன் செய்து பதிவு செய்க.

"ஸ்கேன் பண்ண மாட்டேன். ஒரு காகிதம் குடுங்க, எழுதித் தரேன்."

"இதைப் பண்ணாம ஈ காக்கா உள்ள போகாதும்மா. காகிதமெல்லாம் எடுத்தாச்சு."

"சரி. அப்ப அவங்க வெளிய வரட்டும். நான் உக்காந்திருக்கேன்."

படியில் உட்கார்ந்தாள். மடியில் கையால் எழுதிய கடிதம், இரண்டு பிரதி. ஒன்று அவர்களுக்கு, இன்னொன்றில் பெற்றுக்கொண்டதாக முத்திரை வேண்டும். அன்று சாயங்காலம்வரை யாரும் வரவில்லை. திங்கட்கிழமை மறுபடியும் வந்தாள். போகிற வருகிறவர்கள் அவளைச் சுற்றி நடந்தார்கள். பதினோரு மணிக்குக் காவலாளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். பன்னிரண்டு மணிக்கு, "அப்படி என்னதாம்மா பிரச்சினை?" என்றார். சொன்னாள். அவருக்கும் கட்டிக்கொடுத்த மகள் ஒருத்தி இருந்தாள். கேட்டுவிட்டு உள்ளே போனார். இழுப்பறையின் அடியிலிருந்து பழைய பார்வையாளர் நோட்டைத் தூசி தட்டி எடுத்து வந்தார்.

"இதுல கையெழுத்துப் போடுங்க. எவன் கேக்கிறான்னு பாக்கறேன்."

ஏழாவது மாடியில் வாடிக்கையாளர் தகவல்களுக்குப் பொறுப்பான அதிகாரி ஒல்லியாக, அவசரமாக இருந்தார். கடிதத்தை மேலோட்டமாகப் பார்த்தார்.

"ரொம்ப வருத்தம் மேடம். அடுத்த தடவை வரும்போது உங்களுக்கும் தங்கச்சிக்கும் எங்க சார்பா இனிப்பு இலவசமா..."

"இனிப்பு வேணாம் சார். என்னைப் பத்தி என்னென்ன வச்சிருக்கீங்கன்னு முதல்ல காட்டுங்க."

அவர் தயங்கித் திரையைத் திருப்பினார். பழைய நம்பர் இருந்தது. ஆறு புதன்கிழமைகளும் இருந்தன. எந்த மேசை, எத்தனை மணிக்கு வந்தாள், எத்தனை நிமிஷம் உட்கார்ந்தாள். அவள் கையில் இருக்கும் போன் எந்த வகை. மெனுவில் தொட்டுப் பார்த்துவிட்டு வாங்காமல் விட்டது: சாக்லேட் கேக், மூன்று முறை. ரசீதைப் பார்த்து நிமிஷம் எண்ணுகிறவனிடமிருந்து ஓடி வந்து, எண்ணுகிற இன்னோர் இடத்தில் வாரா வாரம் உட்கார்ந்திருக்கிறாள்.

"இதெல்லாம் எதுக்கு சார்?"

"எல்லாரும் வைக்கறதுதான் மேடம். இப்பவே அழிச்சுடறேன். ஓடிபி இல்லாம அழிக்க எனக்கு அதிகாரம் இருக்கு. ஒரே ஒரு அழுத்து. நீங்க நிம்மதியாப் போகலாம்."

அவர் விரல் பொத்தானுக்குப் போனது. ஐந்து நாளாக அவள் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான். அந்த நொடியில் அவள் கண் திரையின் கடைசி வரியில் விழுந்தது. சின்னஞ்சிறு எழுத்து, ஆனால் அவள் பார்த்துப் பழகிய அளவு. இணைப்பு திறக்கப்பட்டது: முப்பத்தொரு முறை.

"நில்லுங்க!"

அதிகாரி விரலைச் சுட்டுக்கொண்டவர்போல் இழுத்தார்.

"அது என்ன, முப்பத்தொண்ணு?"

"மெசேஜ்ல போற லிங்க்கை யாரோ அத்தனை தடவை திறந்திருக்காங்க. வேற ஒரு போன்ல." அவர் அழுத்திக் காட்டினார். தேதி, மணி வரிசையாக இறங்கின. காலை ஏழு. மதியம் இரண்டு. மறுபடி இரண்டேகால். கடைசி வரி, அவன் வந்து உட்கார்ந்த புதன்கிழமை, பன்னிரண்டு நாற்பது.

"இதை அழிக்காதீங்க. முதல்ல அச்சடிச்சு, முத்திரை போட்டுக் குடுங்க. அழிக்கறது அப்புறம்."

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது முடியாது மேடம். இன்னொரு நபரோட போன் விவரம் இதுல இருக்கு. வெளிய குடுக்க எங்களுக்கு அனுமதி இல்ல. தனியுரிமைக் கொள்கை."

"யாரோட தனியுரிமை?"

அவர் கடிதத்தை மறுபடி புரட்டினார்.

"நான் சாப்பிட்ட விவரத்தை என்னைக் கேக்காமயே அவருக்கு அனுப்பினீங்க. ஆறு தடவை. அப்ப அந்தக் கொள்கை எங்க போயிருந்தது சார்?" குரல் உயரவே இல்லை. அவள் பையிலிருந்து காவல் நிலையத்துக் காகிதத்தை எடுத்து, பின்பக்கம் இருந்த நம்பரைப் போட்டு, போனை ஒலிபெருக்கியில் மேசைமேல் வைத்தாள். பெண் அதிகாரியின் குரல் அறைக்குள் வந்தது. சுருக்கமாகத்தான் பேசினாள். ஒரு எழுத்தைக்கூட அழிக்க வேண்டாம், அரை மணியில் கடிதம் வரும், வந்ததும் பிரதி கொடுக்க வேண்டும்.

கடிதம் வந்தது. அதிகாரி மேலதிகாரியிடம் ஓடினார், திரும்பினார், மறுபடி ஓடினார். சாயங்காலம் நாலரைக்கு, ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரையோடு நாலு தாள் அவள் கைக்கு வந்தது. அந்த நம்பருக்கு இனி எந்தச் செய்தியும் போகாது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்கள். கீழே இறங்கியபோது காவலாளி கேட்காமலே புரிந்துகொண்டு, நோட்டில் அவள் வெளியேறிய நேரத்தைக் குறித்தார்.

அடுத்த புதன்கிழமை தங்கை, "வேற எங்கயாவது போலாமா?" என்று தயக்கமாகக் கேட்டாள். லென்ஸக்கா கேட்காதவள் போல் நடந்தாள். பதினான்காம் மேசையில் சுவருக்கு முதுகைக் கொடுத்து, வாசல் தெரிகிற பக்கமாக உட்கார்ந்தாள். போனை வெளியே எடுக்கவில்லை. கொண்டைக்காரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தாள்.

"வாயால சொல்லு கண்ணு. என் போன்ல நானே போட்டுக்கறேன். யாரு என்ன கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கறேன்."

அவன் அன்று வரவில்லை. காவல் நிலையத்திலிருந்து முதல் நாளே அழைப்பு போயிருந்தது. ஆனாலும் கதவு திறக்கும்போதெல்லாம் அவள் கரண்டி கிண்ணத்துக்கு மேலே நின்றது. அவள் சாப்பிட்டு முடித்துத்தான் எழுந்தாள்.

இரண்டு மாதம் கழித்து வழக்கு நீதிபதி முன் வந்தது. கொண்டைக்காரி ஒரு நாள் விடுப்பெடுத்து வந்து, தான் பார்த்ததைச் சொன்னாள். அவன் பக்கத்து வக்கீல் லென்ஸக்காவைப் பார்த்துக் கேட்டார்:

"அந்த நம்பரைக் குடுத்தது யாரு? நீங்கதானே? யாராவது உங்க கையைப் பிடிச்சு எழுத வச்சாங்களா?"

"நம்பர் இல்லாம சாப்பாடு இல்லன்னு சொன்னாங்க. பசியோட எழுந்து போயிருக்கணும்னு சொல்றீங்களா?"

"வேற நம்பர் போட்டிருக்கலாமே."

"வேற நம்பர்னா இன்னொருத்தரோட நம்பர். அவங்க வீட்டுல யாரு காத்துட்டிருக்காங்களோ, எனக்கு எப்படித் தெரியும்?"

நீதிபதி தாளில் எதையோ குறித்துக்கொண்டார். முத்திரை போட்ட நாலு பக்கத்தையும் இரண்டு தடவை புரட்டினார். யதேச்சையாகப் போனேன் என்று சொல்லியிருந்த அவன், முப்பத்தொரு தடவை எதற்குத் திறந்தாய் என்ற கேள்விக்கு, "அக்கறைதாங்க" என்றான். அவள் வீட்டுப் பக்கமோ வேலைசெய்யும் பக்கமோ அவன் வரக்கூடாது, எந்த வழியிலும் தொடர்புகொள்ளக் கூடாது, அந்த சிம்மை ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. வெளியே வந்து கழுத்தைச் சாய்த்து அவளை ஒரு பார்வை பார்த்தான். அவளும் பார்த்தாள். முதலில் திரும்பியது அவன்தான்.

உணவகம் உடனே திருந்திவிடவில்லை. போன் நம்பர் கட்டத்தின் தலையிலிருந்த சிவப்பு நட்சத்திரத்தை எடுத்தார்கள். கீழே 'தவிர்க்க' என்று ஒரு சொல்லை வெளிர் சாம்பல் நிறத்தில், எறும்பு அளவுக்கு வைத்தார்கள். லென்ஸக்கா இன்னொரு கடிதம் எழுதினாள். தன் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இந்த எழுத்து தெரியாது, இது தெரியாமல் இருப்பதற்காகவே வைத்த எழுத்து என்று எழுதி, கண் பரிசோதனை அட்டையின் பிரதி ஒன்றையும் இணைத்து, அதில் எந்த வரிசைக்கு மேல் இருக்க வேண்டும் என்று கோடு போட்டு அனுப்பினாள். மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு எழுத்து பெரிதாயிற்று. ஐந்தாவதுக்குப் பிறகு ஒவ்வொரு மேசைக்கும் பழையபடி ஒரு மெனு அட்டை வந்தது. அதற்குள் கடை முதலாளி, "நம்ம கடையிலயும் அந்த ஸ்கேன் சதுரம் ஒண்ணு வைக்கலாம்னு நெனச்சேன், விட்டுட்டேன்மா," என்று அவளைப் பார்த்து அவசரமாகச் சொல்லிவைத்தார்.

வழக்கு முடிந்து, மேல்முறையீட்டுக்கான நாளும் கடந்த பிறகு, அவள் மறுபடி ஏழாவது மாடிக்குப் போனாள். அதிகாரி அவளைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"இப்ப அழிங்க," என்றாள். "நான் பாக்கணும்."

திரையை அவள் பக்கம் திருப்பிவைத்துவிட்டு அழுத்தினார். வட்டம் சிறிது நேரம் சுற்றியது. அந்த எண்ணை மறுபடி தேடச் சொன்னாள். தேடினார். 'இப்படி ஒரு வாடிக்கையாளர் இல்லை' என்று வந்தது.

"வேற எங்கயாவது ஒரு பிரதி?"

"இல்ல மேடம்."

"எழுதிக் குடுங்க."

அவர் எழுதினார். அவள் நின்றுகொண்டே ஒவ்வொரு வரியாகப் படித்து, ஒரு தேதி தவறியிருப்பதைக் காட்டித் திருத்தச் சொன்னாள். திருத்தினார். தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கி, பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். கடையில் ஒரு பள்ளி ஆசிரியையின் கண்ணாடி பாதியில் நின்றிருந்தது. மூன்று மணிக்கு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.